அமெரிக்க ஆமியில் இருந்த பிள்ளைக்குப் படிப்புக் காசு: மொன்ட்கொமரியா, புதிய ஜீ.ஐ. பில்லா?

வன்னியில் ஆமி என்று பேச்செடுத்தாலே குரல் தாழ்ந்துவிடும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அமெரிக்க ஆமியைப் பற்றியது. கிரீன் கார்ட் கிடைத்துப் போன எங்கள் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் அங்கே படையில் சேர்ந்து, நாலைந்து வருடம் இருந்துவிட்டு வெளியே வருகிறார்கள். அதற்குப் பிறகு கம்பஸ் படிக்க அரசு காசு கொடுக்கிறது. எந்தத் திட்டத்தில் வாங்குவது என்பதுதான் கேள்வி. பரந்தனில் இருக்கிற அம்மாவுக்கும் அதில் ஒரு கேள்வி உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

படையில் இருந்தவர்களின் படிப்புக்குக் காசு கொடுக்கும் சட்டங்களை ஜீ.ஐ. பில் என்பார்கள். அதில் பழையது மொன்ட்கொமரி ஜீ.ஐ. பில். சேவையின் முதல் வருடத்தில் சம்பளத்தில் மாதம் 100 டாலராக 12 மாதம் வெட்டுவார்கள், மொத்தம் 1,200 டாலர். பிறகு முழுநேரமாகப் படிக்கும்போது 36 மாதத்துக்கு மாதாமாதம் ஒரே தொகை. 2024 ஒக்ரோபரில் தொடங்கிய நிதியாண்டில், மூன்று வருடமோ அதற்கு மேலோ சேவை செய்தவருக்கு அது 2,438 டாலர். காசு நேராக மாணவன் கைக்கு வரும். கல்லூரிக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அவனே அதிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதியது 2009 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சேவை செய்தவர்களுக்கானது. இதற்குச் சம்பளத்தில் எதுவும் வெட்டுவதில்லை. 36 மாதம் சேவை செய்திருந்தால் நூறு வீதம் கிடைக்கும், 90 நாள் என்றால் பாதி. அரச பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலத்தவருக்கு உரிய கட்டணம் முழுவதையும் கல்லூரிக்கே கட்டிவிடுவார்கள். தனியார் கல்லூரிக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு, 2024-25 கல்வியாண்டில் அது 28,937 டாலர். இதைவிட வாடகைக்கென மாதாமாதம் வீட்டுப் படி, வருடத்துக்கு 1,000 டாலர் வரை புத்தகக் காசு. இதுவும் 36 மாதம்தான்.

இப்படிப் பார்த்தால் புதியதுதான் நல்லது என்று தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு அது சரியும்கூட. கட்டணம் கூடிய கல்லூரிக்கு வகுப்புக்குப் போய்ப் படிக்கிறவன் மொன்ட்கொமரியைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. வீட்டுப் படி கல்லூரி இருக்கிற இடத்தைப் பொறுத்தது. நியூயோர்க், சான் பிரான்சிஸ்கோ பக்கம் அது மட்டுமே மாதம் 3,000 டாலரைத் தாண்டும்.

ஆனால் வேலை செய்துகொண்டு முழுக்க இணையவழியில் படிக்கிறவனுடைய கணக்கு வேறு. அவனுக்கு வீட்டுப் படி தேசிய சராசரியில் பாதிதான், மாதம் 1,100 டாலர் அளவில். வருடத்தில் ஒன்பது மாதம் படிக்கிறான், கட்டணம் 4,000 டாலர் என்று வைப்போம். புதிய திட்டத்தில் கட்டணம் போக, வீட்டுப் படியும் புத்தகக் காசுமாகக் கையில் நிற்பது 11,000 டாலருக்குக் கிட்ட. மொன்ட்கொமரியில் 2,438 ஐ ஒன்பதால் பெருக்கினால் 21,942. கட்டணத்தைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 18,000 மிஞ்சும். கட்டணம் 11,000 டாலரைத் தொடும்போதுதான் இரண்டும் சமனாகும். ஒரே ஒரு பாடத்தையாவது வகுப்புக்குப் போய்ப் படித்தால் புதிய திட்டத்தின் வீட்டுப் படி அந்த ஊர் வீதத்துக்கு ஏறிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாடகை கூடிய நகரத்தில் அந்த ஒரு பாடம் கணக்கையே புரட்டிவிடும். அப்புறம், செமஸ்டருக்கு இடையிலான விடுமுறைக்கு வீட்டுப் படி இல்லை. வீட்டுக்காரன் வாடகைக்கு விடுமுறை விடமாட்டான்.

கால எல்லையிலும் வித்தியாசம் இருக்கிறது. மொன்ட்கொமரியை விலகிய நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு விலகியவருக்குப் புதியதில் எல்லையே இல்லை.

ஒரே சேவைக்காலத்தைக் காட்டி இரண்டுக்கும் கேட்க முடியாது. ஒன்றைத் தெரிவுசெய்து கொடுத்தால் திரும்ப மாற்றவும் முடியாது, அதனால்தான் அவசரப்படக் கூடாது என்கிறேன். ஒருமுறை விலகிவிட்டு மறுபடி சேர்ந்தவர்களுக்கு, அல்லது ஒப்பந்தத்தைப் புதுப்பித்தவர்களுக்கு, இன்னொரு வழி உண்டு. 2024 ஏப்ரலில் ருடிசில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியான சேவைக்காலங்களால் இரண்டு உரிமையும் பெற்றவர் இரண்டையும் பயன்படுத்தலாம், மொத்தம் 48 மாதத்துக்கு மேற்படாமல், என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்டவர் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கூடுதல் 12 மாதம் ஒரு முதுமாணிப் பட்டத்தின் பெரும்பகுதியைக் கொண்டு போய்விடும்.

சரி, பரந்தன் அம்மாவின் கேள்வி. "ஏன் தம்பி, அவன்ர படிப்புக் காசை இஞ்ச கம்பஸ் போற தங்கச்சிக்கு மாத்தி எழுத ஏலாதோ?"

ஏலாது. புதிய திட்டத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்கலாம்தான், ஆனால் மனைவிக்கு அல்லது கணவனுக்கு, அல்லது பிள்ளைகளுக்கு மட்டும். கூடப் பிறந்தவர்களுக்கு இல்லை. அதையும் ஆறு வருடம் சேவை முடித்து, இன்னும் நான்கு வருடம் இருக்கிறேன் என்று ஒப்பி, படையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். விலகி வந்தபின் கேட்டுப் பயனில்லை. எங்கள் ஊரில் அண்ணன் உழைப்பதே தங்கச்சியைக் கரைசேர்க்கத்தான். அந்தச் சட்டத்தின் குடும்பக் கணக்கில் தங்கச்சி இல்லை.

ஆனால் மாணவன் கைக்கு வந்துவிட்ட காசுக்கு அப்படியொரு கட்டு இல்லை. வீட்டுப் படிக்கும் மொன்ட்கொமரிக் காசுக்கும் அங்கே வருமான வரியும் கிடையாது. அதில் மாதம் 100 டாலர் அனுப்பினால் இங்கே 30,000 ரூபாய் அளவில். தங்கச்சிக்கு இந்த அரசு கொடுப்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1981 இல் சட்டமாகிய மகாபொல புலமைப்பரிசில், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகியது. பேசரி என்கிற மாணவர் உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ஆகியது. மகாபொல கிடைத்தால் பேசரி இல்லை. 7,500 ரூபாய் என்பது 25 டாலர் அளவு.

அதற்காக இங்கத்தைய படிப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம். பம்பைமடுவில் இருக்கிற வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, அறிவியல் நகரில் இருக்கிற யாழ். பல்கலைக்கழகப் பீடங்களிலோ இடம் கிடைத்த பிள்ளைக்குப் பட்டப்படிப்புக் கட்டணமே கிடையாது. படையில் நாலு வருடம் கழித்துத்தான் அதைப் பெற வேண்டும் என்றும் இல்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தால் மகாபொலவோடு அண்ணனின் 100 டாலர் தாராளம்.

அரச இடம் கிடைக்காதவர்களுக்கு 2017 இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் இருக்கிறது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்திருக்க வேண்டும், தனியார் பட்டத்துக்குத்தான் அது. வட்டியை அரசு கட்டும், வாங்கிய கடனைப் பட்டம் முடித்தபின் நாங்கள் கட்டுவோம். அந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம் என்பதால் அறை வாடகையும் சாப்பாடும் கடனுக்கு மேலே ஏறும். அண்ணன் அனுப்புவது இங்கே அதிலேயே கரைந்துவிடும். பஸ் தூரத்தில் அரச இடம் இருக்க, பிடித்த பாடம் என்பதற்காக மட்டும் இந்தப் பக்கம் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மகனுக்கு வட்சப்பில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். முன்னாள் படையினரின் சேர்க்கையைச் சான்றளிக்கும் அலுவலர் அவனுடைய கல்லூரியில் இருப்பார். இந்தக் காசுக்கு விண்ணப்பிக்கும் 22-1990 படிவத்தில் தெரிவைக் குறிக்க முன்னர், அவரிடம் அந்த வருடக் கட்டணத்தையும் அந்த ஊர் வீட்டுப் படியையும் எழுத்தில் வாங்கட்டும். இரண்டு எண்ணும் கைக்கு வந்தபின் படிவத்தை நிரப்பலாம்.