கடலூர் வெயிலில் நிக்கான் எஃப்எம்2

பல ஆண்டுகளாகக் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் என் தோளில் தொங்குவது நிக்கான் எஃப்எம்2 என்ற பிலிம் கேமரா. 1982-இல் சந்தைக்கு வந்த மாடல். பிலிமில் ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடுகிறது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டுமே. பிச்சாவரத்தில் படகில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால்கூட வேலை நிற்காது. 100 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) பிலிம், நல்ல வெயில் என்றால் லென்ஸ் துவாரம் எஃப்16, ஷட்டர் 1/125 நொடி. சுரபுன்னை நிழலுக்குள் நுழைந்ததும் துவாரத்தைத் தாராளமாகத் திறந்துவிடுவேன்.

ஒளிமானியை அப்படியே நம்ப முடியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் உச்சி வெயிலில் நின்றால், வேட்டியின் பளபளப்பைக் கணக்கில் கொண்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும், முகம் கரியாகிவிடும். நம் மக்களின் கறுத்த முகத்தில் ஓடும் சுருக்கங்களுக்காகத்தானே நான் போகிறேன்! அதனால் அனுமதி கேட்டு அருகே சென்று, முகத்தில் மட்டும் அளந்து, ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். வேட்டி சற்று வெளுத்தாலும் நெகட்டிவ் தாங்கும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள், கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலை அரிக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். கட்டைமேல் கொட்டையை நிறுத்தி ஒரே தட்டு. பருப்பு உடையாமல் வரவேண்டும். அந்த விரல்களைப் படமெடுத்ததும் ஓர் அக்கா, “எங்கே தம்பி, காட்டு” என்றார். இதில் காட்ட முடியாது, பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது படத்தை நெடுநேரம் பார்த்தார். “கையைக் கழுவிக்கொண்டு, நல்ல புடவையில் ஒன்று எடுத்திருக்கலாமே” என்றார். அது நியாயமான உரிமை. அதன் பிறகு எவரை எடுத்தாலும், அவர் விரும்பியபடி நேராக நின்று ஒரு படம் கட்டாயம் உண்டு. சுருளில் 36 படங்கள்தான் என்றாலும் இதில் கணக்குப் பார்ப்பதில்லை. பிலிம் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரிண்ட் கொடுக்க மீண்டும் போக வைக்கும் இந்தக் கட்டாயம்தான். இரண்டாம் முறை போகும்போது திண்ணையில் இடம் கிடைக்கிறது, பேச்சு நீள்கிறது. 2011 தானே புயலில் முந்திரித் தோப்பு சாய்ந்த கதையை நான் கேட்டது அப்படித்தான்.

கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவுகிறேன். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். ஐஸ் கட்டி போட்ட வாளிக்குள் கரைசல் பாத்திரத்தை வைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறேன்.

பெரிய எதிரி கடல் ஈரம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் படமெடுத்துவிட்டு வந்தால் உப்பைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் லென்ஸை வைத்துவிடுங்கள்; பூஞ்சை பிடித்தால் முழுதாகப் போக்குவது கடினம். பழைய கேமரா வாங்குபவர்கள் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்மூடி ஓரத்து நுரைப்பஞ்சு பிசுபிசுத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதை மாற்றுவது எளிது.