ஸ்க்ரிவனர்: கதைமாந்தர்களை வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள்

நாவல் எழுதுகிறவர்கள் இரண்டு பேர் மென்பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரிவனர் பெயர் வந்துவிடும். நாவல் எழுத ஆசைப்பட்ட கீத் பிளவுண்ட் என்பவர், தனக்குத் தோதான கருவி கிடைக்காமல் தானே உருவாக்கியது. 2007இல் மேக் கணினிக்கு வந்தது, அப்புறம் விண்டோஸுக்கும் ஐபோனுக்கும் வந்தது. இதைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் அத்தியாயங்களை இழுத்து இடம் மாற்றும் வசதியையும் தினசரிச் சொற்கணக்கையும்தான் சொல்வார்கள். என் அக்கறை வேறு. ஒரு நாவலுக்கு வருடக்கணக்கில் ஆகிறது. அத்தனை காலமும் நம்மோடு இருக்கப்போகிற கற்பனை மனிதர்களை இது எப்படி வைத்துக்கொள்கிறது? இரண்டு நாவல்களை இதில் எழுதியவள் என்கிற முறையில் அதை மட்டும் சொல்கிறேன்.

நாவலுக்கான வார்ப்புருவைத் திறந்தால் கதாபாத்திரங்களுக்கென்று தனி ஃபோல்டர் இருக்கும். கூடவே ஒரு படிவமும் வரும். பெயர், கதையில் பங்கு, தொழில், தோற்றம், குணம், பழக்கவழக்கம், பின்னணி, உள்மனப் போராட்டம், வெளிப் போராட்டம் என்று வரிசையாகக் கேட்கும். பலருக்கும் பிடித்த வசதி இது. எனக்கு இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது நாவலின் ரங்கநாயகிக்கு அந்தப் படிவத்தை ஒழுங்காகவே நிரப்பினேன். ஓய்வுபெற்ற தபால்காரி, வயது அறுபதை நெருங்குகிறது, முன்கோபி. உள்மனப் போராட்டம் என்கிற இடத்தில் 'அண்ணன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்கிற ஆத்திரம்' என்று எழுதினேன். பல ஆண்டுகள் கழித்து அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். சண்டை வரும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன், வசனம்கூடத் தயாராக இருந்தது. அவளோ உள்ளே போனாள், நாற்காலி முதுகில் கிடந்த அவன் சட்டையை எடுத்துப் பார்த்தாள். மேலிருந்து இரண்டாவது பொத்தானைக் காணோம். ஊசி நூல் எங்கே இருக்கிறது என்று அண்ணன் மருமகளிடம் கேட்டாள். தைத்தாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இது மன்னிப்பா, அவமதிப்பா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. படிவத்தில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. இருந்து, அதை முதலிலேயே நிரப்பியிருந்தால், அந்தப் பொத்தான் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கேட்பவர்களுக்கு இது எழுத்தாளர்களின் அலட்டல் மாதிரித்தான் இருக்கும், தெரியும். ஆனால் எடின்பரோ புத்தக விழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2020இல் வெளியானது. 63 சதவீதம் பேர் எழுதும்போது பாத்திரங்களின் குரல் கேட்கிறது என்றார்கள். 61 சதவீதம் பேர் பாத்திரங்கள் தாமாகவே செயல்படுவதாக உணர்ந்திருக்கிறார்கள். மீதி ஆட்களும் எழுதத்தான் செய்கிறார்கள், ஒன்றும் குறைவாக அல்ல. தன் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று ஒரு பேட்டியில் சொன்னவர் 'லோலிடா' எழுதிய நபகோவ். அவர் அட்டைகளில் காட்சிகளை எழுதி வேண்டியபடி வரிசை மாற்றுவார். ஸ்க்ரிவனரின் கார்க்போர்டு அந்த ஜாதிக்கானது. ஒவ்வொரு காட்சியும் ஓர் அட்டையாகத் திரையில் நிற்கும், பிடித்து இழுத்தால் நகரும். பாத்திரங்களை அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். நான் அதைக் கடைசித் திருத்தத்தின்போது மட்டும்தான் திறக்கிறேன்.

இந்த மென்பொருளில் என்னைக் கட்டிப்போட்டது கீவேர்ட் வசதி. விளம்பரங்களில் இதை யாரும் முன்னால் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் அதில் வருகிறவர்களின் பெயர்களைக் குறிச்சொல்லாக ஒட்டி வைக்கலாம். பிறகு ஒரு பெயரைத் தேடி, அந்தத் தேடலையே ஒரு தொகுப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். அந்த ஆள் வருகிற காட்சிகள் மட்டும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் தொடர்வாசிப்பு முறைக்கு மாற்றினால் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே பிரதியாகப் படிக்கலாம். நாவல் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஒருவருடைய வாழ்க்கை மட்டும் தனியாக வரும்.

கதாநாயகிக்கு இதைச் செய்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, அவள் எப்போதும் கண்முன்னால்தான் இருக்கிறாள். சில்லறைப் பாத்திரங்களுக்குச் செய்து பார்க்க வேண்டும். என் நாவலில் மாணிக்கம் என்று ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் உண்டு. அங்கங்கே வருவார், நல்லதாக நாலு வார்த்தை சொல்வார், போய்விடுவார். அவருடைய காட்சிகளை மட்டும் சேர்த்துப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. மனிதர் எங்குமே உட்காரவில்லை. ரங்கநாயகி வீட்டில் கதவோரம் நிற்கிறார், மருத்துவமனையில் சுவரில் சாய்ந்து நிற்கிறார், கல்யாண வீட்டில் பந்தல்கால் பக்கத்தில் நிற்கிறார். தன் கடையிலேயே வாடிக்கையாளருக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். நான் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. அந்தந்த அத்தியாயத்தில் படிக்கும்போது கண்ணில் படவும் இல்லை.

அதன்பிறகு அவர் எனக்கு வேறு ஆளாகத் தெரிய ஆரம்பித்தார். யாரும் உட்காரச் சொல்லாத வீடுகளிலேயே பழகிய மனிதர் அவர், தானாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார். கடைசிப் பகுதியில் ரங்கநாயகியின் பேரன் போகிறபோக்கில் 'உட்காருங்க தாத்தா' என்கிறான். மாணிக்கம் நாற்காலியைப் பார்க்கிறார், 'இருக்கட்டும்' என்கிறார். அவ்வளவுதான், இரண்டு வரி. படித்தவர்களில் பலர் அந்த இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டார்கள். குறிச்சொல் ஒட்டுவது அலுப்பான வேலை. எழுதும் சூட்டில் யாருக்கும் கை வராது. நான் முதல் வரைவு முடிந்ததும் ஒரேமூச்சில் உட்கார்ந்து ஒட்டிவிடுகிறேன்.

ஸ்னாப்ஷாட்டுக்கு வருகிறேன். ஒரு காட்சியைத் திருத்துவதற்கு முன்னால் அப்போதைய வடிவத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிற வசதி. பிறகு எவ்வளவு மாற்றினாலும் பழையதைத் திறந்து பார்க்கலாம், ஒப்பிடலாம், வேண்டுமானால் திரும்பிப் போகலாம். பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதைப் பார்த்தால் ஜெயகாந்தன் ஞாபகம் வருகிறது. 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, உன்மேல் கறை இல்லை என்று தேற்றிவிடுகிறாள். அதற்கு எழுந்த சர்ச்சை பெரிது. ஜெயகாந்தன் கதையைத் திருத்தவில்லை. அந்த அம்மா அப்படி நடந்துகொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதிப் பார்த்தார். அந்த நாவலின் நாயகியாகக் கங்கா வந்தாள். அந்த நாவலுக்குள்ளேயே, தன் கதை மாதிரியே ஒரு கதையைக் கங்கா பத்திரிகையில் படிக்கிறாள். அதாவது பழைய வடிவத்தை அவர் அழிக்கவில்லை, புதிய வடிவத்தில் இருப்பவள் கையில் கொடுத்துப் படிக்க வைக்கிறார். அதற்குப் பிறகும் விட மனசில்லாமல் இன்னொரு நாவலில் அவளைத் தொடர்ந்து போனார். ஒரு பாத்திரத்தின் மீது ஓர் எழுத்தாளருக்கு இருக்கக்கூடிய பந்தத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நமக்கு அந்த அளவுக்குத் தெம்பு இல்லை, ஸ்னாப்ஷாட் இருக்கிறது. ரங்கநாயகி அண்ணனிடம் கத்துகிற ஒரு வடிவத்தையும் எழுதிப் பார்த்து வைத்திருக்கிறேன். அச்சில் போகவில்லை. ஆனால் பொத்தான் தைக்கும் காட்சியை எப்போது திருத்தினாலும் முதலில் அதைத் திறந்து ஒருமுறை படித்துவிடுவேன். வாயை மூடிக்கொண்டு தைக்கிறவள் எவ்வளவு பேசக்கூடியவள் என்பது அப்போதுதான் கைக்கு வரும்.

அடுத்தது குப்பைத்தொட்டி. சிரிக்க வேண்டாம். ஸ்க்ரிவனரில் ஒரு காட்சியை நீக்கினால் அது மறைந்துவிடாது, அந்த நாவலின் கோப்புப் பட்டியலில் அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். நாமாகக் காலி செய்கிறவரை அங்கேயே கிடக்கும். என் தொட்டியில் பரிமளா இருக்கிறாள். ரங்கநாயகியின் தோழியாக வந்தவள், நாலு அத்தியாயம் இருந்தாள். இரண்டு பெண்கள் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று வரைவைப் படித்த நண்பர் சொன்னார், சரியாகத்தான் சொன்னார், தூக்கிவிட்டேன். தேடலில் குப்பைத்தொட்டியையும் சேர்க்கலாம், விலக்கவும் செய்யலாம். நான் விலக்குவதில்லை. அதனால் 'மூக்குக்கண்ணாடி' என்று எதற்காவது தேடினால் பரிமளா மேசையில் கண்ணாடியைத் துழாவுகிற வரியும் சேர்ந்து வந்து நிற்கும். கோனன் டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டு, பத்து வருஷம் கழித்து 1903இல் உயிரோடு கொண்டுவந்தார். அவருக்கு வாசகர்களின் நச்சரிப்பு இருந்தது, பதிப்பகங்கள் பணத்தோடு நின்றன. பரிமளாவுக்காக யாரும் வரப்போவதில்லை. இருந்தாலும் தொட்டியைக் காலி செய்ய எனக்குக் கை வரவில்லை. மூன்றாவது நாவலில் அவளுக்கு இடம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பெயர் உருவாக்கித் தரும் கருவி ஒன்று இருக்கிறது, நம் பெயர்ப் பட்டியலையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். எனக்குத் தேவைப்படவில்லை, என் ஆட்கள் பெயரோடுதான் வருகிறார்கள். படங்களைச் சேர்த்து வைக்கலாம். நடிகர்களின் புகைப்படத்தைப் பாத்திரத்துக்கு ஒட்டி வைப்பவர்கள் உண்டு, நான் வேண்டாம் என்பேன், பிறகு அந்த முகம் கழலவே கழலாது. யூனிகோடில் தமிழ் எழுதத் தடையில்லை, முகப்பு மட்டும் தமிழில் இல்லை. எழுதியதை மின்னூலாகவோ வேர்டு கோப்பாகவோ வெளியே எடுக்கும் பகுதியைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு இல்லை. மாதச் சந்தா கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும், ஆனால் மேக், விண்டோஸ், ஐபோன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

சிறுகதை மட்டும் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. நாலைந்து ஆட்கள் தலைக்குள்ளேயே இருந்துகொள்வார்கள். இருபது முப்பது பேர் புழங்குகிற நாவலைக் கையில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் முயன்று பார்க்கலாம். கணினிகளில் முப்பது நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம், திறந்து வேலை செய்த நாள் மட்டும்தான் கணக்கு. அந்த நாட்களில் படிவத்தைத் தொடாதீர்கள். பாதி எழுதி வைத்திருக்கும் ஏதாவது ஒரு நாவலை உள்ளே கொண்டுவந்து, அதில் ஆகச் சின்னப் பாத்திரத்தின் பெயரைக் கீவேர்டாக ஒட்டி, அவருடைய காட்சிகளை மட்டும் முதலிலிருந்து படித்துப் பாருங்கள். அதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இதை வாங்க வேண்டாம், இப்போது எழுதுகிற வேர்டிலேயே எழுதுங்கள்.