மாரி வெள்ளம் பார்க்க எங்கே போகலாம்: நெடுந்தீவா, சுண்டிக்குளமா, வல்லை வெளியா?

வேலியில் கார்த்திகைப் பூ ஏறத் தொடங்கினால் எங்கள் வீட்டில் ஊர் சுற்றும் பேச்சும் தொடங்கிவிடும். கடந்த மூன்று மாரிக்குள் யாழ்ப்பாணப் பக்கத்து இந்த மூன்று இடங்களுக்கும் போய்விட்டோம். இந்த முறை யோசிக்கவே இல்லை, வல்லை வெளிதான்.

நெடுந்தீவை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பிறகு புல்வெளியும் பவளக்கல் மதில்களும் மேயும் குதிரைகளும் அவ்வளவு அழகு. ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போக வேண்டும். வாடைக் காற்று அடித்த அன்று அம்மா போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. மாரியில் நான் போனது அந்த ஒரு தடவைதான். கடல் அடங்கிய நாளில் போனவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

சுண்டிக்குளம் பெரிய இடம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்கா ஆனது. மருதங்கேணி, கட்டைக்காடு பக்கமாகப் போனால் கரை மணலில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். நாங்கள் போனது பூநாரை பார்க்க. தண்ணீர் முட்ட நின்றதால் ஒன்றிரண்டுதான் தூரத்தில் தெரிந்தன. ஆழம் குறைந்த நீரில் நின்று மேய்கிற பறவை அது, வெள்ளம் வற்றத் தொடங்கினால்தான் கூட்டமாக நிற்கும். அது தெரியாமல் ஒரு முழு நாளையும் கொடுத்தோம்.

நான் வல்லைக்குச் சாய்ந்ததும் இதனால்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையில் கொஞ்சம் உள்ளே இறங்கும், மீதி தரவைகளில், அதாவது தாழ்ந்த வெட்டவெளி நிலங்களில், தேங்கிப் பிறகு வெயிலில் வற்றும். அதனால் ஒரு கிழமை பார்த்த வெள்ளம் அடுத்த கிழமை அப்படியே இருக்காது. எப்போது போனாலும் எதையோ தவறவிடுவோம். அதற்கு ஒரே வழி திரும்பத் திரும்பப் போவது. நெடுந்தீவுக்கோ சுண்டிக்குளத்துக்கோ அப்படிப் போக முடியுமா? வல்லைக்கு முடியும். பருத்தித்துறை வீதியிலேயே இருக்கிறது, பின்னேரம் மோட்டார் சைக்கிளில் போய் இருட்ட முன் வீடு வந்துவிடலாம்.

போன மாரியில் நான்கு தடவை போனோம். ஐப்பசியில் உப்புப் பூத்த வெள்ளை நிலம் நனைந்து கறுத்திருந்தது. கார்த்திகையில் வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாங்கள். மார்கழியில் ஓரங்களில் புல்லும் தும்பைப் பூவும். தையில் தண்ணீர் சுருங்க, நெடுங்கால் உள்ளான்கள் சேற்றில் வரிசையாக நடந்தன. "இதைப் பக்கத்தில வைச்சுக்கொண்டோ அவ்வளவு தூரம் ஓடினனாங்கள்?" என்று அம்மா கேட்டார்.

குறையும் உண்டு. ஒதுங்க ஒரு மரம் இல்லை, காற்று ஆளைத் தள்ளும். வல்லைப் பாலத்தில் வாகனங்கள் வேகமாக வரும், பிள்ளைகளை அங்கே இறக்க வேண்டாம். அப்புறம், வழியில் கார்த்திகைப் பூக் கண்டால் பார்க்கட்டும், கிழங்கைத் தோண்ட விடாதீர்கள். அது கடும் நஞ்சு.

நேரம் இருந்தால் தொண்டைமானாறு வரை போய்ச் செல்வச்சந்நிதி முருகனையும் கும்பிட்டு வரலாம். நாங்கள் இந்த மாரியில் ஒரு தடவை போய்விட்டோம். ஞாயிறு மழை விட்டால் மறுபடியும் போகிறோம்.