சேலத்துல 'மைக்ரோவேவ் அப்சார்பர்'னு ஃபோம் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

இஞ்சினியரிங் காலேஜ் மைக்ரோவேவ் லேப்ல வேலை பாக்கறேன். ஃபைனல் இயர் பசங்க நாலு பேர் 10 கிகாஹெர்ட்ஸ்ல பேட்ச் ஆன்டெனா (தகடு மாதிரி தட்டையா இருக்கும்) டெஸ்ட் பண்ண ஒரு பிளைவுட் பொட்டி செஞ்சாங்க, உள்ள சுத்தியும் அப்சார்பர், அதாவது அலையை உறிஞ்சற ஃபோம் ஒட்டணும், இல்லன்னா அலை சுவத்துல பட்டுத் திரும்பி ரீடிங்கை நாறடிச்சிரும். ஒரிஜினல் கார்பன் ஃபோம் பிரமிட் விலையைக் கேட்டா தலை சுத்துது. அதான் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில (பேர் வேண்டாம்) "அதே ஐட்டம், பாதி விலைக்கும் கம்மி"ன்னு சொன்னதும் பதினாலாயிரம் குடுத்து அள்ளிட்டு வந்துட்டாங்க.

பார்க்க அச்சு அசல். கருப்பு, ரெண்டு இஞ்ச் பிரமிட், அமுக்கினா அப்படியே எழும்புது. ஹார்ன் (அலையை அனுப்பற புனல் மாதிரி ஆன்டெனா) முன்னாடி அலுமினியத் தட்டு வச்சு ரிஃப்ளெக்ஷன் ரீடிங் எடுத்துட்டு, தட்டு மேல இந்த ஃபோமைச் சாத்தினா மீட்டர் முள்ளு 1 டிபி (டெசிபல்) கூட இறங்கல. நல்ல அப்சார்பர்னா 20 டிபியாவது இறங்கணும், அதாவது போன பவர்ல நூத்துல ஒரு பங்குதான் திரும்பி வரணும். இது ஜன்னல் கண்ணாடி மாதிரி உள்ள விட்டு வெளிய அனுப்புது. மல்டிமீட்டர் முனை ரெண்டையும் அரை இஞ்ச் தள்ளிக் குத்திப் பாத்தேன், ஓப்பன், அதாவது கரண்டே கடத்தல. கார்பனே கிடையாது, வெறும் சாயம். ஸ்டுடியோ சுவத்துல எக்கோ குறைக்க ஒட்டுவாங்களே, அந்த ஃபோம்.

கூட ஒரு டேட்டா ஷீட்டும் குடுத்திருக்காங்க, அதைப் பாத்துதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. 125, 250, 500 இப்படிப் போயி 4000 ஹெர்ட்ஸ்ல முடியுது, கீழ என்.ஆர்.சி (சத்தத்தை எவ்வளவு உறிஞ்சும்ங்கற) நம்பர் வேற. அத்தனையும் சத்தத்துக்கான கணக்குங்க! பசங்களைக் கூட்டிட்டு கடைக்குப் போயி கேட்டா அவரு அசராம "ஹெர்ட்ஸ்னா ஹெர்ட்ஸ்தானே சார்"ங்கறாரு. அப்புறம் டெமோ காட்டறாராம், ஒரு ஷீட்டுல போனைச் சுத்தி கால் பண்ணச் சொன்னாரு, ரிங் போகல, "பாத்தீங்களா உறிஞ்சிருச்சு"ன்னாரு. ஷீட்டைத் திருப்பிப் பாத்தா முதுகுல வெள்ளி ஃபாயில். ஃபாயில் அலையை உறிஞ்சாது சார், அப்படியே திருப்பி அடிக்கும், எங்க பொட்டிக்கு எது ஆகாதோ அதான் அதுன்னேன். ரிட்டர்ன் எடுக்க மாட்டாராம். பில்லுல "ஃபோம் ஷீட்"னு மட்டும் போட்டிருக்கு, அப்சார்பர்ங்கற வார்த்தையே இல்ல, அதுலதான் பசங்க மாட்டிக்கிட்டாங்க.

சல்லிசா செய்யவே முடியாதான்னா முடியும். கொட்டாங்குச்சி கரியை மாவா அரைச்சு சலிச்சு, மரவேலைப் பசையும் தண்ணியும் கலந்து, சாதா குஷன் ஸ்பாஞ்சை அதுல முக்கிப் பிழிஞ்சு வெயில்ல காய வச்சோம். ஒரிஜினல் அளவுக்கு வராது, ஆனா முள்ளு நல்லாவே இறங்குச்சு. கரி நல்லா வெந்திருக்கணும், அரைவேக்காட்டுக் கரி கரண்ட் கடத்தாது. அதுக்காக கரியை அள்ளிக் கொட்டினாலும் ஆகாது, மேல்பரப்பே உலோகம் மாதிரி திருப்பி அடிக்க ஆரம்பிச்சிரும், பிரமிட் முனையில கரி கம்மியா அடியில கூடுதலா இருந்தாதான் அலை நைசா உள்ள போகும். மலேசியாவுல நெல் உமியிலயே பிரமிட் செஞ்சு பேப்பர் போட்டிருக்காங்க. ஐசி (எலக்ட்ரானிக் சிப்) காலைக் குத்தி வச்சு வருமே கருப்பு ஃபோம், அதுவும் சின்ன இடத்துக்கு ஓகே, பிங்க் கலர்ல வர்றது வேஸ்ட்டு. ஈர ஸ்பாஞ்ச் வைக்கலாம்னு ஒருத்தன் சொன்னான், தண்ணி உள்ள போன அலையை நல்லா தின்னும்தான், ஆனா தட்டையான தண்ணிப் பரப்பு 10 கிகாஹெர்ட்ஸ்ல பாதிக்கு மேல வாசல்லயே திருப்பி அனுப்பிரும். இன்னொருத்தன் கஞ்சமலை இரும்புக் கல்லை உடைச்சு ஒட்டலாமாண்ணாங்கறான், பொட்டியை யாருப்பா தூக்கறது! இரும்பு ஆக்சைடுல செய்யற ஃபெரைட் ஓடு ஒட்டறது உண்டுதான், ஆனா அது பெரும்பாலும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ டெஸ்ட் பண்ற ரூம்லதான்.

வாங்கப் போறவங்க ஃப்ரீக்வன்சி கிகாஹெர்ட்ஸ்ல போட்ட ரிஃப்ளெக்டிவிட்டி (எவ்வளவு அலை திரும்பி வருதுங்கற) கிராஃப் கேளுங்க, கைல மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. கார்பன் ஃபோம்னு சொல்லி ஓப்பன் காட்டுனா அது டூப்ளிகேட்டுதான், ஆனா இரும்புத்தூள் கலந்த ரப்பர் ஷீட்டுக்கு இந்த டெஸ்ட் செல்லாது, அது நல்லதா இருந்தாலும் ஓப்பன்தான் காட்டும். பில்லுல எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை டிபின்னு எழுதி வாங்குங்க. பசங்க 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காங்க, டேட்டா ஷீட்டையும் எங்க ரீடிங்கையும் சேர்த்து அனுப்பியாச்சு. கடைக்காரர் நேத்து போன் பண்ணி பாதிப் பணம் தர்றேங்கறாரு, முழுசா வாங்காம விடறதா இல்ல.