குமாவுன் ஊர்க்காடுகள்: பைன் சருகை அள்ளுவதா, குளிர்காலத்திலேயே எரிப்பதா?

உத்தராகண்ட் மலைக்கிராமங்களில் கோடை பிறந்தாலே தீ பயம்தான். வீட்டை ஒட்டிச் சரிவு, சரிவெல்லாம் சீர் பைன் எனும் ஊசியிலை மரங்கள், அடியில் மெத்தை மாதிரி காய்ந்த ஊசியிலைச் சருகு. உள்ளூரில் அதற்குப் பெயர் பிருல். பிசின் நிறைந்தது, ஒரு பொறி போதும். 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் நான்கு பேர் அன்றே கருகி இறந்தார்கள்.

1921-இல் பிரிட்டிஷ் வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, மாநிலத்தின் கிழக்குப் பகுதியான குமாவுனின் மக்கள் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதன் பிறகு 1931-இல் வந்ததுதான் வன பஞ்சாயத்து, அதாவது ஊர்க்காட்டை ஊராரே பார்த்துக்கொள்ளும் குழு. இன்று 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உண்டு. தீயைத் தடுக்க அவற்றின் முன் இருக்கும் வழிகளில் எது உருப்படியானது?

முதலாவது, சருகை அள்ளுவது. 2024 மே மாதம் மாநில அரசு பிருலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக அறிவித்தது. முன்பு கிடைத்த விலையோடு பார்த்தால் இது பெரிய தொகை. மரத்துக்குச் சேதமில்லை, தீயே வைக்க வேண்டாம், மாட்டுக்கொட்டிலில் பரப்பினால் பிறகு எருவும் ஆகும். ஆனால் பிருல் எடை குறைவு, இடம் அடைக்கும். செங்குத்துச் சரிவில் தலைச்சுமையாக இறக்குவது பெரும்பாலும் பெண்கள். சருகு அதிகம் உதிர்வதும் கோதுமை அறுவடையும் ஒரே சமயத்தில் வருகின்றன. ஆண்கள் பலர் பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போய்விட்ட இடத்தில் அத்தனை சரிவையும் யார் கூட்டுவது? மாநிலத்தில் பைன் காடு மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் ஹெக்டேர். ஆகவே இது வீடு, பள்ளிக்கூடம், நடைபாதை இவற்றைச் சுற்றி மட்டுமே சாத்தியம். அங்கே இதற்கு இணையாக வேறு வழி இல்லை.

இரண்டாவது, குளிரும் ஈரமும் இருக்கும்போதே சருகை அளவோடு எரித்துவிடுவது. ஒரு நாளில் பெரிய பரப்பை முடிக்கலாம். மேட்டிலிருந்து கீழ்நோக்கி எரித்தால் தீ மெதுவாக இறங்கும். கீழே வைத்தால் சரிவில் பாய்ந்து ஏறிவிடும், எரியும் பைன் காய்கள் உருண்டுபோய் வேறு இடத்தில் பற்றவைக்கும். பைனுக்குத் தடித்த பட்டை இருப்பதால் தாங்கும், பாஞ்ச் எனும் ஓக்கின் இளங்கன்றுகள் தாங்காது. அதனால் பாஞ்ச் தலைதூக்கும் இடத்தில் எரிக்கவே கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது 1927 வனச் சட்டப்படி குற்றம், எனவே வனத்துறையும் கூட நிற்க வேண்டும். தொலைவுச் சரிவுகளுக்கு இந்த வழிதான் என்பது என் முடிவு.

பைனை வெட்டிவிட்டுப் பாஞ்ச் வைக்கலாமே என்ற குரலும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்ட 1981 முதல் தடை இருக்கிறது. தடை நீங்கினாலும், வெட்டிய வெற்றுச்சரிவு மழையில் சரியும். பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து ஊற்றைக் காக்கும், உண்மைதான். ஆனால் அது வளர்ந்து நிழல் தரப் பல பத்தாண்டு ஆகும், அதுவரை ஊர் காத்திருக்க முடியாது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது அல்மோடா அருகே சீதலாகேத் பகுதியினர் செய்வது. வயல் வரப்பில் வெட்டிய புதரைக் குவித்து எரிக்கும் பழக்கம் அங்கே உண்டு, அதை ஓண் என்பார்கள். அந்தத் தீதான் பல நேரம் காட்டுக்குத் தாவுகிறது. அதனால் மார்ச் முடிவதற்குள் எரித்து முடித்துவிடுவது என்று ஊர்கள் கூடித் தீர்மானித்து, ஏப்ரல் 1-ஐ ஓண் நாளாகக் கடைப்பிடிக்கின்றன. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் மின்னலோ, சாலையில் வீசிய பீடியோ வைக்கும் தீயை இது தடுக்காது.

எனவே வரிசை இப்படி: முதலில் ஓண் ஒப்பந்தம், வீட்டைச் சுற்றிப் பிருல் அள்ளுதல், அப்புறம் தொலைவுச் சரிவில் குளிர்காலத் தீ. சருகு சுமப்பவருக்குக் காசு தரும் அரசு, ஜனவரியில் குளிரில் நின்று தீயைக் காவல் காக்கும் பஞ்சாயத்து ஆட்களுக்கும் தினக்கூலி தர வேண்டும்.