சிட்னி அலுவலகமா, பில்பரா சுரங்கமா?

ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று உட்லண்ட்ஸ் தம்பி ஒருவர் கேட்டார். எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்டேன். நம் சிங்கப்பூர்த் தீவின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியா என்ற ஒரு மாநிலம் மட்டுமே 2.5 மில்லியன் சதுர கிலோமீட்டர். அவருக்கு வந்திருப்பது இரண்டு இடம், சிட்னி அல்லது அந்த மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கங்கள் நிறைந்த பில்பரா. நான் சிட்னியில் ஆறு மாதம், பில்பராவில் நியூமன் பக்கத்து இரும்புத்தாதுச் சுரங்கத்தில் நான்கு மாதம் கருவிப் பராமரிப்பு வேலை பார்த்தவன்.

சிட்னியில் நமக்குப் பெரிய சிரமம் இருக்காது. ரயில் உண்டு, ஹாரிஸ் பார்க்கில் தோசை உண்டு, மேஸ் ஹில்லில் முருகன் கோயில் உண்டு. வாரத்துக்கு 38 மணி நேரம்தான் வேலை, இங்கே 44. ஆண்டுக்கு நான்கு வாரம் விடுப்பு. ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், அதற்குமேல் மேலாளர் கூப்பிட்டால் எடுக்காமலிருக்க 2024 ஆகஸ்டிலிருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் வாடகை வாராவாரம் போகும், சம்பளத்தில் கையில் நிற்பது குறைவு. அப்புறம், அந்த நாடு எவ்வளவு பெரியது என்பது அங்கே இருந்த ஆறு மாதமும் எனக்குத் தெரியவே இல்லை.

அது தெரிந்தது பில்பராவில். பெர்த்திலிருந்து விமானம், இறங்கினால் செம்மண். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு, நாளுக்கு 12 மணி நேரம். விடியற்காலையில் மது வாடை உண்டா என்று மூச்சைச் சோதித்து, டூல்பாக்ஸ் மீட்டிங் என்கிற பாதுகாப்புப் பேச்சை முடித்த பிறகுதான் யாரும் கருவியைத் தொட முடியும். கோடையில் 40 டிகிரி தாண்டும், ஈ முகத்தை விட்டு நகராது. தங்கும் அறையும் சாப்பாடும் முகாமில் இலவசம், ரசம் மட்டும் கனவுதான். (பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பும் அட்டையில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.) பில்பராவின் சில பாதைகளில் தாது ரயில்கள் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகின்றன, அவற்றைக் கவனிப்பவர்கள் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒருநாள் வேறொரு தளத்துக்கு வண்டியில் போகவேண்டியிருந்தது. எந்த வழி, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன், தண்ணீர் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, சேர்ந்ததும் தகவல் சொல்லாவிட்டால் தேட ஆள் அனுப்புவோம், பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே வரும், ஓட்டாதே என்றார் மேற்பார்வையாளர். இரண்டு மணி நேரம் எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. காணாமல் போகவும் முடியும் என்கிற நினைப்பே சிங்கப்பூரில் நமக்கு வந்ததில்லையே, அன்று வந்தது.

பணத்தில் பில்பராதான் மேல். ஆனால் நாடு திரும்பும்போது எடுக்கும் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதிக்கு 35% வரி போகும், இங்குள்ள மத்திய சேம நிதிக் (மசேநிதி) கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது கடிகாரம். டிசம்பரில் சிட்னி நமக்கு மூன்று மணி நேரம் முந்தி. அம்மா வேலையெல்லாம் முடித்துப் பத்து மணிக்குக் கூப்பிட்டால் எனக்கு இரவு ஒன்று. பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கிவிட்டது. பில்பராவுக்கும் நமக்கும் ஒரே நேரம், இரவு ஏழரைக்கு அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கும்போது நானும் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஓய்வு வாரத்தில் பெர்த்திலிருந்து ஐந்து மணி நேரத்தில் சாங்கி வந்துவிடலாம், சிட்னியிலிருந்து எட்டு.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு குடும்பமாகப் போகிறீர்களென்றால் சிட்னிதான், யோசிக்கவே வேண்டாம். இந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மா மட்டும் தனியாக. பில்பராவுக்குப் போ, இரண்டு வருடத்துக்கு மேல் இருக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.