"முழு ஆல்பம், லைவ் ஆர்கெஸ்ட்ரா"ன்னு போட்டிருந்தா டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பீட்டில்ஸ்ங்கிற நாலு பேர் கொண்ட இங்கிலாந்து ராக் பேண்டோட சார்ஜன்ட் பெப்பர்ஸ் ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து கடைசி பாட்டு வரைக்கும் அப்படியே மேடையில வாசிக்கிறோம், கூடவே லைவ் ஆர்கெஸ்ட்ராவும் உண்டுன்னு விளம்பரம் பார்த்து நானும் எங்க அண்ணனும் ஒரு ட்ரிப்யூட் கச்சேரிக்கு, அதாவது அவங்க பாட்டுகளை வேற பேண்ட் வாசிக்கிற கச்சேரிக்குப் போய் நல்லா ஏமாந்துட்டு வந்தோம். வயித்தெரிச்சல்ல எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஆனா இந்த மாதிரி ஷோவுக்கு காசு கட்டப்போறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க.

இந்த ஆல்பத்துக்கு ஏன் இவ்ளோ ஆசைப்பட்டோம்னு முதல்ல சொல்லிடுறேன். 1966 ஆகஸ்ட்டோட பீட்டில்ஸ் டூர் போறதையே நிறுத்திட்டாங்க. இந்த ஆல்பம் வந்தது 1967ல. அதனால இந்தப் பாட்டுகளை அந்த நாலு பேரும் சேர்ந்து மேடையில வாசிச்சதே கிடையாது, எல்லாமே ஸ்டுடியோவுல நாலு தனித்தனி பதிவுகளை ஒரே டேப்புல வைக்கக்கூடிய நாலு ட்ராக் மெஷினை வச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் செஞ்சது. அப்போ இதை லைவா கேக்கணும்னா வேற யாராவது மனுஷங்க உக்காந்து வாசிச்சாத்தான் உண்டு. எங்க அண்ணன் கேசட் தேயுற அளவுக்கு கேட்டவரு, எனக்கு இந்தப் பாட்டெல்லாம் அறிமுகமானதே அவரால, அதான் சாதாரண டிக்கெட்டை விட ரெண்டு மடங்கு குடுத்து முன் வரிசையிலயே புக் பண்ணேன்.

ஆரம்பத்துலயே சொதப்பல். முதல் பாட்டு முடியுற இடத்துல ஒரு பாடகரை அறிமுகப்படுத்துற மாதிரி வந்து, கேப்பே இல்லாம ரெண்டாவது பாட்டுக்குள்ள போகும், அந்த ஆல்பம் கேட்டவங்களுக்கு அந்த இணைப்பு எப்படி இருக்கும்னு தெரியும். இவங்க அங்க நிறுத்தி ஸ்பான்சருக்கு நன்றி சொன்னாங்க. சரி போகட்டும்னு விட்டேன்.

அப்புறம் "ஷீஸ் லீவிங் ஹோம்". அந்த ரெக்கார்டிங்ல கிட்டார், ட்ரம்ஸ் எதுவுமே கிடையாது, பாடுற குரலுக்குப் பின்னாடி வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ், ஹார்ப் இவ்ளோதான். மேடையில மூணு வயலினும் ஒரு செல்லோவும் இருந்துச்சு. பாட்டு தொடங்குச்சு, ஹார்ப் சத்தம் தெளிவா கேக்குது, ஆனா மேடையில ஹார்ப்பே இல்ல. கீபோர்டுல வாசிக்கிறாங்களோன்னு பார்த்தா கீபோர்டுக்காரர் கையைக் கட்டிட்டு நிக்கிறாரு. அப்பதான் ட்ரம்ஸ் பக்கத்துல லேப்டாப்பைக் கவனிச்சேன். பாட்டு நடுவுல முன்னாடி உக்காந்திருந்த வயலின்காரப் பொண்ணு நோட்ஸ் பேப்பரைத் திருப்புறதுக்காக வில்லைத் தூக்கிட்டாங்க, பேப்பர் க்ளிப்ல மாட்டிக்கிச்சு, நிதானமா எடுத்து விட்டாங்க, அவ்ளோ நேரமும் அந்த வயலின் சத்தம் துளிகூட குறையாம ஸ்பீக்கர்ல வந்துகிட்டே இருந்துச்சு. அண்ணன் என் முகத்தைப் பார்த்தாரு. ஒண்ணும் பேசல.

அந்தப் பொண்ணு மேல எனக்கு கோபமே இல்ல. பேண்ட் பசங்களும் நிஜமாவே நல்லா வாசிச்சாங்க, பேஸ் வாசிச்சவரு அந்த நோட்டையெல்லாம் அப்படியே கொண்டு வந்தாரு. டேப் போடுறதே தப்புன்னும் நான் சொல்லல, "மிஸ்டர் கைட்" பாட்டுல வர்ற சர்க்கஸ் சத்தம் ஒரிஜினல்லயே டேப்பை வெட்டி ஒட்டிச் செஞ்சதுதான், அதை மேடையில லேப்டாப்ல போட்டா நியாயம். ஆனா லைவ் ஆர்கெஸ்ட்ரான்னு சொல்லி காசு வாங்கிட்டு நாலு பேரைக் கண்துடைப்புக்கு உக்கார வைக்கிறதுக்கு என்ன பேரு?

பீட்டில்ஸ்ல ஒருத்தரான ஜார்ஜ் ஹாரிசனோட பாட்டை, அதான் தில்ரூபா தபலா தம்புரா எல்லாம் வர்ற அந்தப் பாட்டை, வாசிக்கவே இல்ல. கேட்டா "நேரம் பத்தல" அப்படின்னாங்க. ஆல்பமே மொத்தம் நாப்பது நிமிஷத்துக்குள்ளதான். அது முடிஞ்சதும் ஒரு மணி நேரத்துக்கு மேல வேற ஹிட் பாட்டுகளா வாசிச்சாங்க, அதுக்கெல்லாம் நேரம் இருந்துச்சு.

கடைசிப் பாட்டு "எ டே இன் தி லைஃப்". ஒரிஜினல்ல 40 கலைஞர்களை உக்கார வச்சு, 24 பார் (தாளக்கட்டு) நேரத்துக்குள்ள அவங்கவங்க வாத்தியத்தோட கீழ் சுரத்துல இருந்து உச்சிக்கு ஏறிப் போகச் சொல்லி ரெக்கார்ட் பண்ணது. அதை நேர்ல கேக்கத்தான் நாங்க போனதே. ஏறிக்கிட்டே போகும்போது ட்ரம்மர் ஹெட்போனை அழுத்திப் பிடிச்சிட்டு லேப்டாப்பையே பார்த்துட்டு இருந்தாரு, வந்த சத்தம் ரெக்கார்டுல இருந்து எடுத்த மாதிரியே இருந்துச்சு. பியானோ எல்லாம் சேர்ந்து அடிக்கிற அந்தக் கடைசி கார்டு (பல சுரம் ஒண்ணா ஒலிக்கிறது) இருக்கே, ரெக்கார்டுல நாப்பது செகண்டுக்கு மேல மெல்ல மெல்ல அடங்கும், இங்க அஞ்சு செகண்ட்ல "தேங்க்யூ"ன்னு கத்தி கட் பண்ணிட்டாங்க. அண்ணன் எழுந்து வெளிய போயிட்டாரு.

ரீஃபண்ட் கேட்டேன். டிக்கெட் வித்த சைட்ல "ஏற்பாட்டாளர்கிட்ட பேசுங்க சார்", ஏற்பாட்டாளர் "டிக்கெட் சைட்டைக் கேளுங்க சார்", இப்படியே மூணு நாள் பந்தாடினாங்க. கடைசியா கண்டிஷன்ஸ்ல இருந்த ஒரு வரியைக் காட்டுனாங்க: நிகழ்ச்சியும் கலைஞர்களும் மாற்றத்துக்கு உட்பட்டவை. தப்பு நானும் பண்ணிட்டேன், விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கல, நான் புகார் பண்ண மறுநாளே "லைவ் ஆர்கெஸ்ட்ரா"ங்கிறது "ஆர்கெஸ்ட்ரா அனுபவம்"னு மாறிடுச்சு. நல்லவேளை புக்கிங் மெயில்ல பழைய வாசகம் அப்படியே இருந்துச்சு, அதை வச்சு பேங்க்ல கார்டு பேமெண்ட் மேல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி எழுத்துலயே கேளுங்க, மேடையில மொத்தம் எத்தனை பேர், என்னென்ன வாத்தியம், எந்தெந்தப் பாட்டு முன்னாடியே பதிவு பண்ண ட்ராக்ல ஓடும்னு. உண்மையா வாசிக்கிறவங்க இதைச் சொல்லத் தயங்க மாட்டாங்க. அவங்க போடுற ட்ரெய்லரை நம்பாதீங்க, முந்தின ஷோவுக்குப் போனவங்க மொபைல்ல எடுத்த வீடியோவைத் தேடிப் பாருங்க, அதுல வில்லும் சத்தமும் சேருதான்னு பார்த்தாலே போதும். போஸ்டர்ல இருக்குற போட்டோவையும் இமேஜ் சர்ச்ல போடுங்க. நாங்க பார்த்த போஸ்டர்ல கோட் சூட் போட்ட பெரிய ஆர்கெஸ்ட்ரா போட்டோ இருந்துச்சு, வீட்டுக்கு வந்து தேடினா அது சம்பந்தமே இல்லாத வேற ஒரு கச்சேரில எடுத்தது. அடுத்த மாச ஷோவுக்கு இன்னிக்கும் அதே போட்டோவைப் போட்டுத்தான் டிக்கெட் வித்துட்டு இருக்காங்க.